இடப்பக்கம் ஓடாத ரயில்

பீர் முகம்மதுவுக்கு வாழ்க்கையில் இரண்டே பயங்கள்தான். ஒன்று, வேதா மேடம் ஓட்டும் ஸ்கூட்டியின் பின்சீட். இன்னொன்று, தீபத்துக்கு ஒரு வாரம் முன்பு வேதா மேடம் ஓட்டும் ஸ்கூட்டியின் பின்சீட்.

அன்று காலை பதினொன்றரை மணிக்கு அவன் இரண்டாவது பயத்தில் உட்கார்ந்திருந்தான். திருவண்ணாமலை முழுக்கத் தடுப்புக் கட்டை. நேற்று வரை போகவும் வரவும் இருந்த தெருவெல்லாம் இன்று ஒருவழிப் பாதை. கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்தில் இருக்கும் சரசு லாட்ஜுக்குப் போக, ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

“நடந்து போயிருந்தா இந்நேரம் கேஸை முடிச்சிட்டு டீயும் குடிச்சிருக்கலாம் மேடம்,” என்றான் பீர், எதிரே வந்த மாட்டின் கொம்பிலிருந்து முழங்காலைக் காப்பாற்றியபடி.

“நடந்து போறதுக்கா வண்டி வாங்கினேன்? பேசாம வாங்க பாய்.”

“நம்ம லாட்ஜ் அதோ தெரியுது. ஒரே ஒரு தடவ எதிர்ல விட்டீங்கன்னா...”

“ஒருவழின்னா ஒருவழிதான். எதிர்ல போனா மறிச்சு நிறுத்திடுவாங்க. அங்கயே நிக்க வேண்டியதுதான்.”

பீர் பின்சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வேலூர் ரூட்டில் பதினெட்டு வருஷம் தனியார் பஸ் கண்டக்டராக இருந்தவன் அவன். முழிக்கிற முழியை வைத்தே டிக்கெட் எடுக்காதவனைக் கூட்டத்தில் பிடித்துவிடுவான். வேதா தொலைபேசி நிலையத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். யார் எந்த வார்த்தையை முழுங்குகிறார்கள் என்பது அவளுடைய காதுக்குத் தெரியும். அந்தக் காதையும் இந்தக் கண்ணையும் சேர்த்து, ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் வேதா துப்பறியும் நிலையம் நாலு வருஷமாக நடக்கிறது.

காலை ஒன்பது மணிக்கே அந்த மாடிப்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் மஹ்பூபா. முப்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம், கடைத்திறப்பு, கோயில் விசேஷம் என்று ஊருக்கே சீரியல் லைட் கட்டுகிறவள். தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரும் இன்சுலேஷன் டேப்பும் எட்டிப் பார்த்தன.

“ராஜேந்திரன் சார் லாட்ஜ் மாடியில ஒரு பொம்மை ரயில் இருக்கு மேடம்,” என்று ஆரம்பித்தாள். “பொம்மைன்னா சும்மா பொம்மை இல்ல. நம்ம ஊரையே அட்டையில செஞ்சு, நடுவுல மலை வெச்சு, சுத்தி ரயில் விட்டிருக்காரு. வீட்டுக்கு வீடு லைட்டு. எல்லாம் பழைய குட்டிக் குட்டி பல்பு, சூடாகி அட்டையையே கருக்கிடுச்சு. நாப்பத்தாறையும் எடுத்துட்டு எல்இடி போட்டு, புது ஒயர் இழுத்தேன். மூணு நாள் வேலை.”

“எரிஞ்சுதா?”

“நேத்து நாலு மணிக்குப் போட்டுப் பார்த்தேன். ஊரே ஜம்முனு எரிஞ்சுது. ரயில் ஓட்டுற குமிழை நடுவுல வெச்சி, மெயினை அணைச்சி, ரூம் சாவியை மேனேஜர்கிட்ட குடுத்துட்டு வந்துட்டேன். ஆறு மணிக்கு ஃபோன் வருது. ஒரு லைட்டும் எரியலையாம். மலை மேல இருந்த மூக்குத்தியும் காணோமாம்.”

அந்த மூக்குத்தி ராஜேந்திரனின் மனைவி சரசுவுடையது. ஒற்றைக்கல் வைரம். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த அம்மாள் இறந்ததும், அதை அட்டை மலையின் உச்சியில் சின்னக் கொப்பரையில் வைத்து, அடியில் ஒரு விளக்கையும் வைத்துவிட்டார். விளக்கு எரிந்தால் வைரம் ஜொலிக்கும். அதுதான் அவர் வீட்டுத் தீபம்.

“வாசல்லயே நிக்க வெச்சு கத்தினாரு மேடம். டீக்கடை, பூக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, எல்லாம் கேட்டுச்சு. இன்னைக்கு சாயந்தரம் ஆறு மணிக்குள்ள மூக்குத்தி வரணும், இல்லன்னா போலீஸுன்னாரு.” மஹ்பூபாவின் குரல் உடைந்தது. “அடுத்தவங்க வீட்டுக்குள்ள போய் செய்யற வேலை மேடம் என்னுது. கதவைத் தொறந்து விட்டாத்தான் பொழப்பு. இந்தத் தீபத்துக்கு பன்னெண்டு லாட்ஜ் என்னை நம்பி இருக்கு. திருடின்னு ஒரு தடவ பேர் வந்துட்டா, எவன் வீட்டுக்குள்ள விடுவான்?”

பீருக்கு மனசு கனத்துப் போனது. கனத்தால் அவனுக்கு உடனே ஏதாவது உளற வேண்டும். “கவலைப்படாதம்மா, எங்க மேடம் இருக்காங்க. காணாம போன எருமையையே கண்டுபிடிச்சவங்க,” என்றான்.

“அது தானா வந்துடுச்சு பாய்,” என்றாள் வேதா, ஸ்கூட்டி சாவியை எடுத்தபடி.

நடந்தே வந்துவிட்டிருந்த மஹ்பூபா, லாட்ஜ் வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் மாடியேறக் கூடாது என்பது ராஜேந்திரனின் உத்தரவு. டீக்கடைக்காரர் அவளைப் பார்த்துவிட்டு, கண்ணைக் கிளாஸ் பக்கம் திருப்பிக்கொண்டதை பீர் கவனித்தான். ஒரே ராத்திரியில் பழி தன் வேலையைச் செய்திருக்கிறது.

ராஜேந்திரன் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். விபூதி, வெள்ளை வேட்டி, முகத்தில் தூங்காத களை. மூன்றாவது மாடியில் பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டதும், பீர் வந்த வேலையை மறந்துவிட்டான்.

அறை முழுக்க ஒரே மேஜை. அதன் மேல் ஊர். நடுவில் இடுப்புயர மலை. அதன் காலடியில் நாலு கோபுரம், ரயில்வே ஸ்டேஷன், அடி அண்ணாமலைப் பக்கம் ஓட்டு வீடுகள், வயல். பஸ் ஸ்டாண்டில் தீப்பெட்டி அளவில் பஸ்கள்.

“மேடம், என் பஸ்ஸு!” என்று கத்தினான் பீர். “அதே பச்சை! படியில நான் தொங்கறனா பாருங்க.”

“நீங்க உள்ள தூங்கிட்டிருப்பீங்க பாய்.”

“ஆனா ஒண்ணு சார். மலையைச் சுத்தி ரயில் லைனே கிடையாதே?”

“அதான் நான் போட்டேன்,” என்றார் ராஜேந்திரன். “சரசுக்கு முட்டி வலி. கிரிவலம் நடக்க முடியல. பௌர்ணமிக்குப் பௌர்ணமி இங்க உக்காந்துப்பா, நான் ரயிலை விடுவேன். அவளுக்குப் பதிலா அது சுத்தும்.” ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் பீரின் கண்ணில் பட்டது.

மேஜை ஓரத்தில் ஒரு பெட்டி. அதன் நடுவில் குமிழ். ராஜேந்திரன் மெயினைப் போட்டு, குமிழை வலப்பக்கம் திருப்பினார். ரயில் மெல்லக் கிளம்பி மலையை வலம் வந்தது. ஒரு வீட்டிலும் விளக்கு எரியவில்லை. ஸ்டேஷன் இருட்டு. உச்சியில் வெறும் கொப்பரை.

“பாருங்க. இதான் அந்தம்மா மூணு நாள் செஞ்ச லட்சணம். வேலைக்குன்னு வந்து கையை வெச்சிட்டுப் போயிட்டா.”

“நான் ஒரு தடவ ஓட்டிப் பார்க்கவா சார்?” பீரின் விரல் ஏற்கெனவே குமிழில் இருந்தது. இடப்பக்கம் ஒரு நூல் நகர்வதற்குள் படீரென்று ஒரு அடி விழுந்தது.

“வலமா! மலையை எவனாவது இடமா சுத்துவானா?” ராஜேந்திரனுக்கு மூச்சு வாங்கியது. “பன்னெண்டு வருஷமா இந்த ரயில் ஒரு தடவ கூட இடப்பக்கம் ஓடினதில்ல. இந்த லாட்ஜுல துணி துவைக்கிறவங்க வரைக்கும் அது தெரியும்.”

பீர் கையைத் தடவிக்கொண்டான். பஸ்ஸில் இருந்த காலத்தில் கூட இவ்வளவு சீக்கிரம் அடி வாங்கியதில்லை.

“நேத்து நாலு மணியிலருந்து ஆறு மணி வரைக்கும் யார் யார் இங்க வந்தாங்க?” என்றாள் வேதா.

“சாவி கீழ மேனேஜர் பிரசாத்கிட்ட இருந்துச்சு. நாலரை மணிக்கு என் பொண்ணு கீதாஞ்சலி வந்துட்டுப் போனா. கீழ்பென்னாத்தூர்ல டீச்சரா இருக்கா. நான் கோயிலுக்குப் போயிருந்தேன், பார்க்கல. பஸ் ஏறிட்டு ஃபோன் பண்ணா, லைட்டெல்லாம் அழகா எரியுதுன்னு. ஆறு மணிக்கு நான் வந்து பார்த்தா இந்த லட்சணம்.”

“பொண்ணுகிட்ட மூக்குத்தி விஷயத்தைச் சொன்னீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

ராஜேந்திரன் மின்விசிறியைப் பார்த்தார். “அவளுக்கு ஸ்கூல்ல பரீட்சை நேரம்.”

வேதாவின் இடது காது லேசாகச் சிவந்தது போல பீருக்குத் தோன்றியது. பொய் உள்ளே போனால் அப்படித்தான் ஆகும் என்பது அவனுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. மேடம் அதை ஒத்துக்கொண்டதில்லை.

“பாய், நீங்க கீழ போய் மேனேஜரோட ஒரு டீ குடிச்சிட்டு வாங்க,” என்றாள்.

பிரசாத்துக்கு முப்பது வயது. பீரைப் பார்த்ததும் ரெஜிஸ்டரைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். டிக்கெட் எடுக்காத பிரயாணி செக்கிங் வரும்போது ஜன்னல் வழியாக வயலை ரசிப்பான். அதே ரசனை இவன் முகத்தில் அப்படியே இருந்தது.

“தம்பி, எத்தனை மணிக்கு மேல போன?” என்றான் பீர், போனாயா என்று கேட்காமல்.

“நா... நான் போகலியே.”

“சரி. அப்ப சார்கிட்டயே கேட்டுக்கறேன், கேமரா எங்க வெச்சிருக்காருன்னு.”

கேமராவே கிடையாது. ஆனால் பிரசாத்தின் நெற்றியில் வேர்வை வந்துவிட்டது. “அண்ணே, அண்ணே! ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போனேண்ணே. ரூம் நம்பர் ஏழு. புதுசா கல்யாணம் ஆனவங்க. ரயிலோட ஒரு போட்டோ எடுத்துக்கறோம்னு கெஞ்சினாங்க. அங்க போட்டோவே எடுக்கக் கூடாதுன்னு சார் ஆர்டரு. தெரிஞ்சா வேலை போயிடும்.”

“மணி?”

“அஞ்சேகால். ஆனா லைட்டே எரியலண்ணே. ரயிலை ஓட்டிக் காட்டினேன், சத்தியமா வலப்பக்கம்தான். எல்லாம் இருட்டா கெடந்துச்சு. ‘இவ்ளோதானா’ன்னு கேட்டுட்டு அவங்க போயிட்டாங்க.”

பீர் மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினான். ஏறியதும் நாலு மூச்சு வாங்கினான். ராஜேந்திரனும் வேதாவும் பார்த்துக்கொண்டிருக்க, கேஸை முடித்துவைக்கும் தோரணையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“மேடம், கணக்கு சுத்தமா வந்துடுச்சு. நாலு மணிக்கு லைட் எரிஞ்சுது, மஹ்பூபா பார்த்தா. நாலரைக்கு எரிஞ்சுது, கீதாம்மா பார்த்தாங்க. அஞ்சேகாலுக்கு எரியல. அப்ப நடுவுல ஒருத்தன் மலை மேல கையை வெச்சிருக்கான். மூக்குத்தியைப் பிடுங்கும்போது ஒயரும் சேர்ந்து அந்துடுச்சு. சாவி யார்கிட்ட? பிரசாத்கிட்ட! மேல வந்தேன்னு அவனே ஒத்துக்கிட்டான்.”

“பிரசாத்தா?” ராஜேந்திரன் உட்கார்ந்துவிட்டார், பிரம்பு நாற்காலியில் அல்ல, தரையில். “ஏழு வருஷமா என் சோத்தைத் தின்னுட்டு...”

“அவசரப்படாதீங்க சார். நேத்து ஒரு தடவ அவசரப்பட்டது போதும்,” என்றாள் வேதா. “பாய், டார்ச் அடிங்க.”

சொல்லிவிட்டு, ஐம்பத்திரண்டு வயது வேதா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் போய் மல்லாக்கப் படுத்துவிட்டாள். மேலே ஊர். அடியில் நூறு ஒயர். அவ்வளவும் இழுத்துக் கட்டி, அடிக்கு ஒரு டேப் சுற்றி, நேர்த்தியாக இருந்தது. ஒரு ஒயர் கூட அறுந்திருக்கவில்லை.

“பாய், இந்தப் பெட்டிக்கு அடியில நாலு ஸ்க்ரூ இருக்கு. என்ன எழுதியிருக்குன்னு அங்கருந்து குனிஞ்சு படிங்க.”

“வலப்பக்கம் ரெண்டு, ‘விளக்கு’. இடப்பக்கம் ரெண்டு, ‘ரயில்’. எழுத்தே பாதி அழிஞ்சு போச்சு.”

“எனக்கு படுத்துப் பார்த்தா வலது இடமா இருக்கு, இடது வலமா இருக்கு. அந்தப் பொண்ணும் இப்படித்தான் படுத்திருக்கும்.” வேதா ஒரு ஒயரை விரலால் பிடித்துக்கொண்டு போனாள். “விளக்கு ஒயர் மொத்தமும் ரயில் ஸ்க்ரூவுல மாட்டியிருக்கு.”

“அப்ப தப்பு அவ மேலயா?” பீருக்கு ஏமாற்றமாக இருந்தது.

வேதா தூசியோடு வெளியே வந்தாள். முகத்தில் ஒட்டடை. கண்ணில் மட்டும் வெளிச்சம். “தப்பு அவ மேலதான். ஆனா திருட்டு இல்ல. சார், ரயில் எப்படி வலமும் இடமும் போகுது?”

“குமிழை இந்தப் பக்கம் திருப்பினா கரண்ட் ஒரு திசையில போகும். அந்தப் பக்கம் திருப்பினா எதிர்த்திசை. அதுக்கேத்தாப்புல எஞ்சின் ஓடும்.”

“எல்இடி விளக்கு?”

ராஜேந்திரன் யோசித்தார். அவருக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது பழைய பல்பு.

“பழைய பல்புக்குக் கரண்ட் எந்தப் பக்கத்துலருந்து வந்தாலும் ஒண்ணுதான், எரியும். எல்இடி அப்படி இல்ல சார். ஒருவழிப் பாதை. ஒரு பக்கம் வந்தா வழி விடும். எதிர்ல வந்தா மறிச்சிடும், விளக்கு எரியாது. மஹ்பூபா நேத்து சோதிக்கும்போது எஞ்சினைக் கழட்டி ஓரமா வெச்சிருப்பா. தண்டவாளமே காலி. அவளுக்கு வலமும் ஒண்ணுதான், இடமும் ஒண்ணுதான். கைக்கு வந்த பக்கம் திருப்பியிருப்பா. எரிஞ்சிருக்கும். நிம்மதியா வீட்டுக்குப் போயிட்டா.”

பீர் உடனே ஜன்னலில் எட்டிப் பார்த்து, தெருவுக்கு எதிரே கேட்கும்படி கத்தினான். “மஹ்பூபா! நேத்து எஞ்சினை எடுத்துட்டா டெஸ்ட் பண்ண?”

“ஆமாண்ணே! உரசிடக் கூடாதுன்னு எடுத்து டப்பாவுல வெச்சேன். கிளம்பும்போது திருப்பி வெச்சிட்டேன்!” என்று கீழிருந்து பதில் வந்தது.

“அப்ப...” ராஜேந்திரன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “அஞ்சேகாலுக்கு பிரசாத் வலப்பக்கம் திருப்பினான். ஆறு மணிக்கு நான் வலப்பக்கம் திருப்பினேன்.”

“அதான் இருட்டு. விளக்கு கெடவே இல்ல. ஆனா அவ குமிழை நடுவுல வெச்சி மெயினையும் அணைச்சிட்டுத்தான் கிளம்பினா. அதுக்கப்புறம் இந்த ஊர் எரிஞ்சதைப் பார்த்தவங்க ஒரே ஒருத்தர். எரிஞ்சுதுன்னா அவங்க கை குமிழை இடப்பக்கம் திருப்பியிருக்கணும்.”

பீருக்குத் தன்னுடைய சுத்தமான கணக்கு எந்த இடத்தில் உதைத்தது என்று புரிந்தது. இது பிரசாத்தைப் பிடிப்பது போல சுலபமான விஷயம் இல்லை.

“உங்க பொண்ணு ஃபோன்ல சொன்னதை ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க சார்,” என்றாள் வேதா மெதுவாக. இருபத்தாறு வருஷம் லைனில் இருந்த குரல் அது.

“‘அப்பா, லைட்டெல்லாம் ரொம்ப அழகா எரியுது. ஸ்டேஷனைக் கிட்டப் போய்ப் பாருங்க. பார்த்துட்டுக் கூப்பிடுங்க.’ அவ்ளோதான்.”

“கூப்பிட்டீங்களா?”

“எங்க கூப்பிடறது? நான் இருந்த இருப்புல...”

வேதா குமிழில் கை வைத்தாள்.

“வேணாம் மேடம்! இடமா வேணாம்!”

“ரெண்டே நிமிஷம் சார். பாவம் வந்தா என் தலையில போடுங்க.”

குமிழ் இடப்பக்கம் திரும்பியது. ரயில் ஒரு குலுக்குக் குலுக்கிப் பின்வாங்குவது போல நின்று, பிறகு இடமாகக் கிளம்பியது. ஊர் எரிந்தது. முதலில் மங்கலாக, ரயில் வேகம் பிடிக்கப் பிடிக்கப் பளிச்சென்று. கோபுரங்கள், பஸ் ஸ்டாண்டு, அடி அண்ணாமலையின் ஓட்டு வீடுகள், பீரின் பச்சை பஸ், எல்லாம். மஹ்பூபா ஒரு விளக்கைக் கூட விட்டுவைக்கவில்லை.

ஸ்டேஷன் முகப்பில் விரல் நீளத்துக்கு ஒரு பால் கண்ணாடி. உள்ளே விளக்கு எரிந்ததும் அதில் எழுத்து தெரிந்தது. யாரோ பட்டர் பேப்பரில் பேனாவால் எழுதி, கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்கள்.

பீர் குனியப் போனான். வேதா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ராஜேந்திரன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு ஸ்டேஷனைத் தொடும் அளவுக்குக் கிட்டப் போனார். வாய்விட்டே படித்தார்.

“‘அப்பா, மூக்குத்தி என்கிட்ட. அம்மா எனக்குன்னு சொன்னது. திட்டணும்னா நேர்ல வாங்க. கீதா.’”

அவர் இரண்டாவது தடவையும் படித்தார். அப்புறம் நிமிராமலே பேசினார். “ரெண்டு மாசம் முன்னாடி கேட்டா. அம்மா எனக்குத் தரேன்னு சொன்னாங்கப்பான்னு. அது இங்கயே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். கேட்டப்ப குடுக்காதவன், இப்ப தொலைச்சுட்டேன்னு எந்த மூஞ்சியோட அவகிட்ட சொல்வேன்? அதான் சொல்லல.”

“ஸ்கூல்ல பரீட்சைன்னீங்க,” என்றான் பீர். வேதா அவனை முறைத்தாள்.

ஃபோனை வேதாவே போட்டுக் கொடுத்தாள். ராஜேந்திரனுக்கு ஸ்பீக்கர் வைத்தால்தான் கேட்கும். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“பார்த்தீங்களாப்பா?”

“இப்பதாம்மா.”

“நேத்துலருந்து ஃபோனைக் கையிலயே வெச்சிருக்கேன். கூப்பிடலைன்னதும் ரொம்பக் கோவம் போலன்னு நெனச்சேன். கேக்காம எடுத்தது தப்புதாம்ப்பா.”

“நான் இன்னொருத்தரைத் திருடின்னு சொல்லிட்டேன் கீதா. லைட் போட்ட பொண்ணை. தெருவுல நிக்க வெச்சு.”

“ஐயோ அப்பா,” என்றாள் கீதாஞ்சலி. “நான் இப்பவே பஸ் ஏறி வரேன். நானே அவங்ககிட்ட சொல்றேன்.”

“நீ வா. ஆனா கத்தினது நான். சொல்ல வேண்டியதும் நான்தான்.” அவர் பார்வை குமிழுக்குப் போனது. “ஒண்ணு கேக்கறேன். ரயிலை எதுக்கு இடமா ஓட்டின?”

“அம்மா எப்பவும் அப்படித்தானே ஓட்டுவாங்க!”

“யாரு, சரசுவா?”

“நீங்க பேங்குக்குக் கிளம்பினதும் நானும் அம்மாவும் இடப்பக்கமாத்தான் விடுவோம். அம்மா நாற்காலியிலருந்து பார்த்தா ஒரு பக்க வளைவுதான் கண்ணுல படும். அதுல வலமா போறப்ப ரயிலோட முதுகுதான் தெரியும். இடமா வந்தாத்தான் மலைக்குப் பின்னாலருந்து நம்மளப் பார்த்து வரும். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க.”

ராஜேந்திரன் ஃபோனை வைத்தார். பன்னிரண்டு வருஷமாக ஒரு தடவை கூட இடப்பக்கம் ஓடாத ரயில், அவர் தலை மறைந்ததும் தினம் ஓடியிருக்கிறது. அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பீருக்குப் பிடிபடவில்லை. முழியை வைத்து ஆளைப் படிக்கிற வித்தை அந்த நேரத்தில் அவனுக்கு உதவவில்லை.

“சார், நேத்து சத்தமா சொன்னதை இன்னைக்கும் சத்தமாத்தான் சொல்லணும்,” என்றாள் வேதா. “அதே இடத்துல.”

“வாங்க,” என்றார் அவர்.

தெருவில் கூட்டம் நெரிந்தது. டீக்கடை பெஞ்சிலிருந்து மஹ்பூபா எழுந்து நின்றாள். அவளுடைய கை பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தது. ராஜேந்திரன் நடுத்தெருவில் நின்று, நேற்று கத்திய அதே தொண்டையில் கத்தினார்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க! நேத்து நான் இந்தப் பொண்ணைச் சொன்னது பொய்! மூக்குத்தி என் வீட்டுலயேதான் இருக்கு! என் புத்திதான் காணாம போயிருந்துச்சு!” அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “மன்னிச்சுடும்மா. பன்னெண்டு லாட்ஜுக்கும் நானே கூப்பிட்டுச் சொல்றேன். பதிமூணாவதா என் லாட்ஜுக்கும் நீதான் லைட் கட்டணும்.”

ஆட்டோ ஸ்டாண்டில் யாரோ விசில் அடித்தார்கள். பூக்கடைக்கார அம்மா ஒரு முழம் கனகாம்பரத்தை மஹ்பூபாவின் கையில் திணித்தாள். டீக்கடைக்காரர் கேட்காமலே ஒரு கிளாஸ் டீயை நீட்டினார், இந்தத் தடவை முகத்தைப் பார்த்து. மஹ்பூபா அப்போதுதான் அழுதாள்.

அழுது முடித்ததும் நேராக மாடியேறி, மேஜைக்கு அடியில் போய்ப் படுத்தாள். இரண்டே நிமிஷத்தில் அவள் குரல் வந்தது. “ஐயோ, ஆமா சார்! மல்லாக்க படுத்ததுல மாறிப்போச்சு. தப்பு என்னுதுதான். இதோ மாத்திடறேன். இனிமே எந்தப் பக்கம் ஓட்டினாலும் எரியும்.”

“மாத்திடு. ஸ்டேஷன் லைட்டை மட்டும் மாத்தாத,” என்றார் ராஜேந்திரன்.

“அது வலப்பக்கம் ஓட்டினா எரியாதே சார்?”

“எரிய வேணாம்.”

உச்சிக் கொப்பரை காலியாக இருந்தது பீரின் கண்ணை உறுத்தியது. கீழே ஓடி, பிரசாதக் கடையில் ஒரு பொட்டலம் கல்கண்டு வாங்கி வந்தான். இருப்பதில் பெரிய கட்டியாகப் பொறுக்கி ஸ்டூலில் ஏறி வைத்தான். அடியில் விளக்கு எரிந்ததும், அது வைரத்துக்கு ஒன்றும் கம்மியாகத் தெரியவில்லை.

“எறும்பு வரும் பாய்,” என்றாள் வேதா.

“வரட்டும் மேடம். மலையேறிப் போற பக்தருங்கன்னு நெனச்சுக்கலாம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார், எறும்பு மட்டும் எந்தப் பக்கம் வேணா சுத்தலாமா?”

ராஜேந்திரன் குமிழ்ப் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வருஷமாக யாரும் உட்காராத நாற்காலி கிறீச்சிட்டது. குமிழை இடப்பக்கம் திருப்பினார். ஸ்டேஷனில் மகளுடைய எழுத்து எரிந்தது. மலைக்குப் பின்னால் போன ரயில், கொஞ்ச நேரம் கழித்து வளைவில் திரும்பி, நேராக அவரைப் பார்த்து வந்தது.

“ஒரு வார்த்தை சொல்லல பாருங்க சரசு,” என்றார், குமிழிலிருந்து கையை எடுக்காமல்.